கொப்புளம் உடைத்த கோடை

"கண்ணாடி போட்டாச்சா தங்கச்சி?" அண்ணன் மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். போட்டாச்சு. கையுறையும் போட்டாச்சு. ஒரு பழைய படகின் வயிற்றுக்குக் கீழே குந்தியிருக்கிறேன். முகத்துக்கு ஒரு முழம் மேலே ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு வீக்கம். தொட்டால் வழுவழு. கையில் சின்ன உளி. நுனியை வைத்து லேசாக ஒரு திருகு.

டப்! கோடு கிழித்த மாதிரி பீய்ச்சியடித்தது பழுப்புத் தண்ணீர். என் கண்ணாடியில் இரண்டு சொட்டு. அடுத்த நொடியே வாடை மூக்கில் ஏறியது. வினிகர்! சந்தேகமே இல்லை, காடி ஊற்றிய ஊறுகாய் ஜாடியைத் திறந்த அதே வாடை. படகுக்குள்ளிருந்து! "இன்னொண்ணு, இன்னொண்ணு!" என்று கத்திவிட்டேன். "நானூறுக்கு மேல கெடக்கு, ஆற அமர உடை" என்று சிரித்தார் அண்ணனின் மனைவி, என் மைனி.

இது எந்த இடம் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், போர்ட் டவுன்சென்ட். சியாட்டிலில் இருந்து வடக்கே போய், விட்பி தீவுக்குள் புகுந்து, கூப்வில் துறையில் காரோடு ஃபெர்ரி ஏறி வரலாம். கரை நெருங்க நெருங்கப் பாய்மரங்கள் காடு மாதிரி எழும்பி வரும். செப்டம்பர் மாதம் இங்கே மரப்படகுத் திருவிழா. 1977இல் தொடங்கியது. வார்னிஷ் மினுமினுக்கும் படகுகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். நான் பார்க்க ஆசைப்பட்டது அதே ஊரில் இருக்கும் போட் ஹேவன் என்கிற பழுதுபார்க்கும் முற்றத்தை. சின்ன வயதில் தேரோட்டத்துக்குப் போனாலும் என் கண் தேரின் அடியில்தான் நிற்கும். அச்சு எப்படி இருக்கிறது, முட்டுக்கட்டை போடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று குனிந்து குனிந்து பார்ப்பேன். அந்தக் குனிகிற ஆசைக்கு இப்போது ஒரு முழுக் கோடைக்கும் வேலை கிடைத்தது!

அண்ணன் தூத்துக்குடிக்காரர். தாத்தா தோணிக்குக் கலப்பத்து அடித்தவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை அது. பேரன் சியாட்டிலில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். 1979இல் கட்டிய 32 அடி ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை இரண்டு வருடம் முன்பு வாங்கினார். கொப்புளம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு இருக்கும் என்பது ஏப்ரல் மாதம் படகைத் தூக்கிய அன்றுதான் தெரிந்தது.

அந்தத் தூக்கல் இருக்கிறதே! நான்கு கால் இரும்புப் பந்தலுக்குச் சக்கரம் வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் டிராவல் லிஃப்ட். இந்த முற்றத்தில் இருப்பதிலேயே பெரியது 300 டன் தூக்கும். எங்கள் படகுக்கு வந்தது அதன் தங்கச்சி. இரண்டு பட்டைகளைப் படகின் அடியில் கொடுத்து, தொட்டில் மாதிரி மெல்ல மெல்ல மேலே இழுக்கிறார்கள். முதலில் நீர்மட்டக் கோடு, அப்புறம் பாசி பிடித்த வயிறு, அப்புறம் சுக்கான், கடைசியில் அடியில் துருத்தி நிற்கும் ஏரா (கீல்). ஒரு படகு ஆண்டுக்கணக்கில் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததெல்லாம் சொட்டச் சொட்ட வெளியே வருகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உடனே அழுத்தத் தண்ணீர் அடித்துப் பாசியைக் கழுவினார்கள். கழுவி முடித்த இடம் காய்வதற்குள் மைனி என் கையில் ஒரு மெழுகுப் பென்சிலைத் திணித்தார். "ஓடு! கண்ணுல படுற ஒவ்வொண்ணையும் வட்டம் போடு!" ஏன் இந்த அவசரம் என்றால், தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் கொப்புளங்கள் அடங்க ஆரம்பித்துவிடும். உள்ளே இருக்கும் அழுத்தம் குறைந்து, சின்னச் சின்னது எல்லாம் சில மணி நேரத்திலேயே தட்டையாகிவிடும். மறுநாள் தேடினால் கிடைக்காது. மூன்று பேரும் படகைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு வீக்கத்துக்கும் பிறை மாதிரி நிழல் விழும். அந்த நிழலைப் பார்த்துத்தான் வட்டம். சிலது கடுகு, சிலது மொச்சை, சுக்கானுக்குப் பக்கத்தில் ஒன்று உள்ளங்கை அகலம். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். அம்மை போட்ட பிள்ளை மாதிரி நின்றது படகு.

இப்போது அந்த வினிகர் எங்கிருந்து வந்தது என்ற கதை. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கைக் குடைந்து, உள்ளே சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்த சோதனை ஞாபகம் இருக்கிறதா? கொஞ்ச நேரத்தில் உள்ளே மட்டம் ஏறும். சவ்வூடு பரவல்! அதேதான் இங்கே நடக்கிறது. ஃபைபர் படகு என்பது கண்ணாடி இழைப் பாய்களைப் பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்து அடுக்கிய உடம்பு. அதற்கு மேலே ஜெல்கோட் என்கிற பளபளப்புத் தோல், அரை மில்லிமீட்டர் கனம். பார்த்தால் பீங்கான் மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீர் மூலக்கூறு அதற்குள் மெதுவாக நுழைந்துவிடும். நுழைந்த தண்ணீர், ரெசினில் சரியாகச் சேராமல் மிஞ்சிய கிளைகால் (glycol) போன்ற சரக்கையும், இழைகளை ஒட்டி வைத்த பசையையும் கரைக்கிறது. கரைசல் கெட்டியாகிறது. கெட்டியான கரைசல் மேலும் தண்ணீரை இழுக்கிறது. வெளியே போக வழியில்லை. தோல் வீங்குகிறது. ரெசினே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைவதால் அமிலம் உண்டாகிறது. மூக்கில் ஏறிய வாடை அதுதான். மைனி அந்தத் தண்ணீரில் லிட்மஸ் தாளைத் தோய்த்தார். நீலம் சிவப்பாக மாறியதைப் பார்த்து ஏழாம் வகுப்பு ஆய்வுக்கூடத்தில் நின்ற மாதிரி கை தட்டினேன்.

கடல் தண்ணீரை விட நல்ல தண்ணீரில்தான் இது இன்னும் வேகமாக நடக்கும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். வெளியே உப்பு இருந்தால் இழுப்பு கொஞ்சம் குறையும். உப்பே இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கரைசலுக்குப் போட்டியே கிடையாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இந்தப் படகு முந்தைய சொந்தக்காரரிடம் இருபது வருடம் கிடந்தது சியாட்டில் நகரத்துக்கு நடுவே இருக்கும் லேக் யூனியனில். நன்னீர் ஏரி. 1917இல் திறந்த பாலார்டு மதகுகள் வழியாகக் கடலில் இருந்து அந்த ஏரிக்குள் படகுகள் ஏறிப் போகும். நன்னீரில் அலசிகள் (பார்னக்கிள்) ஒட்டாது, வயிறு சுத்தமாக இருக்கும் என்று ஆசைப்பட்டு அங்கே கட்டிவைப்பார்கள். அலசி ஒட்டவில்லை. கொப்புளம் வந்தது.

1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு பியர்சன் கம்பெனி 28 அடி டிரைட்டன் படகைக் கொண்டுவந்த காலத்தில், ஃபைபர் என்றால் அழுகாது, செல்லரிக்காது, கவனிப்பே வேண்டாம் என்ற மகிழ்ச்சி எங்கும் இருந்தது. எழுபதுகளில் கட்டிய படகுகள் எண்பதுகளில் வரிசையாகக் கொப்பளிக்கத் தொடங்கியபோது அந்த மகிழ்ச்சி கலைந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காக ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ராக்கெட், வின்சென்ட் ரோஸ் என்ற இருவர் இதை முறையாக ஆராய்ந்தார்கள். கொப்புளத்தின் காரணங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அவர்கள் வேலையில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.

போர்ட் டவுன்சென்டில் நின்றுகொண்டு பெல்லிங்ஹாமைச் சொல்லாமல் இருக்க முடியாது. தண்ணீருக்கு அந்தப் பக்கம், வடக்கே இருக்கிறது. அங்கே யூனிஃப்ளைட் என்றொரு கம்பெனி இருந்தது. வியட்நாம் போரில் ஆறுகளுக்குள் ரோந்து போன அமெரிக்கக் கடற்படைப் படகுகளைக் கட்டியவர்கள். அவர்கள்தான் எழுபதுகளில் ராபர்ட் பெர்ரி வடிவமைத்த வேலியன்ட் 40 பாய்ப்படகையும் கட்டினார்கள். முன்னும் பின்னும் கூம்பிய அழகான உடம்பு. பெருங்கடல் தாண்டுவதற்கென்றே பிறந்தது. எழுபதுகளின் பிற்பாதியில் அதற்குத் தீ எளிதில் பற்றாத ரெசினைப் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ரெசின் கொப்பளித்தது, தண்ணீரில் முழுகும் அடிப்பாகத்தில் மட்டுமில்லை, நீர்மட்டத்துக்கு மேலேயும்! அந்தப் படகுகளில் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. அண்ணன் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பாசம். கொப்புளத்தால் ஒரு படகு மூழ்கிப்போவது மிக அபூர்வம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது உயிரை எடுக்கிற நோய் இல்லை. கவனிக்காமல் விட்டால் உடம்பை உள்ளுக்குள் ஊறவைக்கிற நோய்.

பத்து இருபது கொப்புளம் என்றால் ஒவ்வொன்றாகத் தோண்டி, கழுவி, காயவைத்து அடைத்துவிடலாம். நானூறு என்றால் தோலையே உரிக்க வேண்டும். மே மாதம் இரண்டாவது தடவை போனபோது அந்த உரிப்பைத்தான் பார்த்தேன். நரைத்த பின்னல் போட்ட ஒரு அம்மா வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் சுவாச முகமூடி, கையில் பீலர். இழைப்புளி மாதிரி ஒரு மின்கருவி. எத்தனை ஆழம் சீவ வேண்டும் என்று முன்கூட்டியே பொருத்திக்கொள்ளலாம். கீழே முழுக்கத் தார்ப்பாய் விரித்து, கருவியோடு உறிஞ்சியையும் மாட்டிய பிறகுதான் தொடங்கினார். செம்பு கலந்த பழைய பெயிண்ட் தூசி மழைத்தண்ணீரோடு கடலில் கலக்கக் கூடாது என்பதில் இந்த மாநிலம் கண்டிப்பு. விர்ரென்று ஒரு சத்தம். கருவி போன தடத்தில் வெள்ளைத் தோல் காணாமல் போய், உள்ளே பச்சையும் பழுப்பும் கலந்த கண்ணாடி உடம்பு தெரிந்தது! தேன்மெழுகு மாதிரி, லேசாக ஒளி ஊடுருவும் நிறம். இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்திருப்பது அப்படியே தெரிந்தது. 1979இல் யாரோ ஒரு தொழிலாளி ரோலர் வைத்து அழுத்திய தடம் என் விரலுக்கு நேரே. அதை நான் தடவிப் பார்த்தேன். நெடுநேரம் கையை எடுக்க மனமே வரவில்லை.

சில இடங்களில் இழை வெள்ளை வெளேரென்று நின்றது. ரெசின் போய்விட்ட இடம் அது. அந்த அம்மா திருப்புளியின் பிடியால் தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் டங்கென்று கேட்டது. கெட்ட இடத்தில் பொத்தென்று. சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்கிய எவருக்கும் அந்த வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதில்லை. பொத்தென்ற இடங்களை ஆழமாகக் கிரைண்டர் வைத்து, ஓரத்தைச் சரிவாக, தோசைக்கல் குழிவு மாதிரி எடுத்துவிட்டார்.

அடுத்து வந்ததுதான் இந்த வேலையின் உயிர் என்று நான் நினைக்கிறேன்: கழுவுவது. உரித்தாயிற்று, இனி வெயில் பட்டுக் காய்ந்துவிடும் என்றுதான் நானும் எண்ணினேன். காயாது. கிளைகாலும் அமிலமும் இழைகளுக்குள் உட்கார்ந்திருக்கும்வரை, காற்றில் இருக்கும் ஈரத்தையே அவை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிற மாதிரி. அதனால் நல்ல தண்ணீரைச் சுடவைத்து அழுத்தமாக அடிக்க வேண்டும். அடித்துவிட்டு ஒரு வாரம் காயவிட வேண்டும். மறுபடி பிசுபிசுப்பு மேலே வரும். மறுபடி அடிக்க வேண்டும். அண்ணனும் மைனியும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சியாட்டிலில் இருந்து ஃபெர்ரி பிடித்து வந்து இதை மட்டும் செய்துவிட்டுப் போனார்கள்!

படகின் வயிற்றில் பன்னிரண்டு இடங்களில் ஒட்டுத்தாள் ஒட்டி, ஈரமானியை வைத்து வாராவாரம் எண்ணைக் குறித்தார்கள். தேதியும் எண்ணும் தேதியும் எண்ணுமாக, ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டவணை மாதிரியே இருந்தது. ஜூன் முழுக்க எண் அசையவில்லை. "விடுங்கண்ணே, பெயிண்ட் அடிச்சிரலாம்" என்று யாராவது சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். ஐந்தாவது கழுவலுக்குப் பிறகு எண் இறங்கியது! மைனி அந்தப் படத்தைக் கைப்பேசியில் எனக்கு அனுப்பி, கீழே எட்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தார்.

இந்த ஊரும் ஒத்துழைத்தது. மேற்கே ஒலிம்பிக் மலைத்தொடர் மேகங்களைத் தடுத்துவிடுவதால் போர்ட் டவுன்சென்ட் மழை மறைவுப் பகுதி. சியாட்டிலில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான் இங்கே பெய்யும். ஃபைபர் படகுக்குக் காயும் இடம்தானே மருந்து!

ஒரு சனிக்கிழமை மதியம், தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயுமாகப் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். தூத்துக்குடிக் கரையில் இத்தனை ஃபைபர் படகு இருக்கிறதே, அதற்கெல்லாம் ஏன் இந்தப் பேச்சையே கேட்டதில்லை என்று கேட்டேன். "நம்ம ஊர்ல மணல்ல இழுத்துப் போடுற போட்டு, தொழிலு முடிஞ்சா கரையேறிப் படுத்துக்கிடும்லா. வெயில்ல வயிறு காஞ்சிரும். இது இருபது வருசமா தண்ணியிலயே கெடந்திருக்கு" என்றார் அண்ணன். அவ்வளவு எளிமையான பதில். கரையில் தினம் பார்த்த காட்சிக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

ஆகஸ்ட். எப்பாக்ஸி வாரம்! பாலியெஸ்டரை விட எப்பாக்ஸி தண்ணீரை நன்றாகத் தடுக்கும். பழைய உடம்போடு இறுக்கமாக ஒட்டும். ரெசின் டப்பாவிலும் ஹார்டனர் டப்பாவிலும் பம்பு இருக்கும். இதில் ஒரு அழுத்து, அதில் ஒரு அழுத்து; ஐந்துக்கு ஒன்று என்ற அளவு பம்பே பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கை தப்பினால் இறுகவே இறுகாது, அதனால் அழுத்துகிறவரிடம் யாரும் பேசக் கூடாது. கலந்ததை உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்ப வேண்டும். டப்பாவிலேயே விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். ஒரு மிச்சத்தை எனக்காகவே விட்டுவைத்துக் காட்டினார்கள். பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் டப்பா நெளிந்தது!

முதலில் குழிகளை எப்பாக்ஸியால் நனைத்து, ஆழமான இடங்களில் கண்ணாடித்துணியை வெட்டி ஒட்டி, மற்றதற்குச் சிலிக்காத் தூள் கலந்து வெண்ணெய் பதத்தில் பட்டி பார்த்தார்கள். இறுகியதும் மேலே மெழுகு மாதிரி ஒரு வழுக்கல் படியும். அதைத் தண்ணீரும் நாரும் வைத்துக் கழுவிவிட்டுத்தான் சாண்டிங் செய்ய வேண்டும். மறந்தால் அடுத்த பூச்சு ஒட்டாது. பிறகு பட்டிக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி இரண்டு நாள் தேய்த்தல். தோள் கழன்றுவிட்டது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அணியத்தில் இருந்து பின்பக்கம்வரை கையால் தடவிக்கொண்டே போனபோது ஒரு மேடு பள்ளம் தட்டவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

தடுப்புப் பூச்சு ஐந்து கோட்டு. ஒன்று சாம்பல், அடுத்தது வெள்ளை, மறுபடி சாம்பல். நிறம் மாற்றி மாற்றி அடிப்பதால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று உடனே கண்ணில் படும். எத்தனை அழகான யோசனை! பனி இறங்கும் முன்னால், படகின் உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒவ்வொரு நாளும் முடித்துவிட வேண்டும். ஐந்து கோட்டும் சேர்ந்து கனம் எவ்வளவு தெரியுமா? கால் மில்லிமீட்டர். ஐந்து மாத உழைப்பு அந்தக் கால் மில்லிமீட்டருக்காக.

கடைசிக் கோட்டு முழுதாகக் காய்வதற்கு முன்பே பாசியும் அலசியும் ஒட்டாமல் தடுக்கும் ஆன்ட்டிஃபௌலிங் பெயிண்ட் ஏற வேண்டும். எப்போது? பெருவிரலை அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், பெயிண்ட் விரலில் ஒட்டக் கூடாது. அந்த நிமிடம்தான். "இப்ப நீ பாரு" என்றார் மைனி. நான் அழுத்தினேன். ரேகை பதிந்தது. விரல் சுத்தம். "அடிங்க!" என்று நான் சொன்னதும் மூன்று ரோலர்கள் ஒரே நேரத்தில் ஓடின. அந்தப் படகின் இடதுபுறம், நீர்மட்டத்துக்கு நாலு விரற்கடை கீழே, பெயிண்டுக்கு அடியில் என் பெருவிரல் ரேகை இருக்கிறது!

படகு முட்டுக்களில் நிற்பதால் முட்டுப் படும் இடங்களுக்குப் பெயிண்ட் எட்டாது. முற்றத்துக்காரர்கள் வந்து ஒவ்வொரு முட்டாக நகர்த்திக் கொடுத்தார்கள். சொந்தக்காரர் அதைத் தொடவே கூடாது. ஏராவின் அடிப்பாகம் மட்டும் கடைசிவரை பாக்கி. இறக்குவதற்கு முதல் நாள் சாயங்காலம் டிராவல் லிஃப்ட் படகைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தியது. அந்த ராத்திரிக்குள் அடி காய வேண்டும். அண்ணன் குனிந்து, தூரிகையால் அந்தக் கடைசி நாலு அடியைப் பூசினார். தாத்தா கலப்பத்து அடித்தபோது இப்படித்தான் குனிந்திருப்பார் என்று அவர் சொல்லவில்லை, மைனிதான் என் காதில் சொன்னார்.

செப்டம்பர் முதல் வாரம், திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், படகு தண்ணீரில் இறங்கியது. மிதந்ததும் அந்த ஐந்து மாத வேலையில் ஒரு துளியும் வெளியே தெரியவில்லை.

பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படகைத் தூக்கும் அன்றைக்கு, தூக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். சட்டைப் பையில் ஒரு மெழுகுப் பென்சில் இருக்கட்டும். மறுநாள் போனால் பாதிக் கொப்புளம் அடங்கியிருக்கும்.